தூறல் சத்தம்

"மாஸ்டர், கையைத் தளர்த்தி வையுங்க, எதுவும் செய்யாதீங்க" என்கிறார் நரம்பு மருத்துவர். தையல்காரரின் மெலிந்த வலது கையில் ஊசி இறங்குகிறது. ஊசியோடு கம்பியால் இணைத்த, மேசை மேலிருக்கும் கருவியிலிருந்து, தகரக் கூரையில் தூறல் விழுவது போலச் சடசடவென்று சத்தம் எழுகிறது. திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது. ஓய்ந்திருக்கும் நல்ல தசை சத்தமே போடாது என்பது மருத்துவருக்குத் தெரியும். கழுத்தெலும்பு நரம்பை நெருக்கியிருந்தால் கோளாறு கையோடு நிற்கும், அறுவை செய்து பார்க்கலாம். காலிலும் சத்தம் கேட்டால், ஒருநாள் மூச்சையே நிறுத்தப்போகிற நோய், கைவிரிக்க வேண்டியதுதான். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கோ முகமெல்லாம் பல். "கேட்டீங்களா? கை செத்துப்போச்சுன்னு புலம்புனீங்களே, அது உங்களை விட அதிகமா பேசுது!" "உன்னை மிஞ்சிடுமா?" என்று தையல்காரர் சிரிக்கிறார். மருத்துவர், தையல்காரர் ஒரு குறையும் சொல்லாத இடது தொடையில் ஊசியை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அதே தூறல். "காலுக்கும் உயிர் இருக்கு, டாக்டர்!" என்று அவள் கைகூப்புகிறாள். சத்தத்தைக் குறைக்கப் போன மருத்துவரின் விரல், அவள் முகத்தைப் பார்த்ததும் குமிழின் மேலேயே நின்றுவிடுகிறது.