அண்ணன் தலையாட்டும் வரை

அறையில் மூன்று பேர் இருந்தோம்: முதலாளி சென்னியப்பன், நான், என் அண்ணன் திருமூர்த்தி. சத்தம் துளியும் வெளியே போகாதபடி முதலாளி தன் வீட்டில் கட்டிய சினிமா அறை அது. ஸ்பீக்கர் கடையிலிருந்து மாட்டிக்கொடுக்க வந்த நான், கம்பியில்லாத ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரு பேஸ் பெட்டியையும் வைத்து என் செல்போனோடு இணைத்துவிட்டேன்.

“என்ர பட்டறை வேலையைப் பாதியில உட்டுட்டு ஓடுனவன்தானேடா நீ?” முதலாளி சோபாவில் சாய்ந்து சிரித்தார். “இவனை எதுக்குக் கூட்டியாந்தே? செவுடனுக்குப் பாட்டு ஒரு கேடா?”

அண்ணனின் காது அவருடைய, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் பட்டறையில்தான் போனது. காதுக்கு மாட்ட ஏதாவது வேண்டும் என்று கேட்டபோது, பழைய துணியைச் சுருட்டித் திணித்துக்கொள்ளச் சொன்னவர் அவர்.

“சத்தம் எவ்வளவு வெக்கணும்னு அண்ணன்தானுங்க சொல்லோணும்” என்றேன்.

அண்ணன் பேஸ் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினான். நான் பட்டறையில் வேலை பார்த்தபோது செல்போனில் பதிந்து வைத்திருந்த பிரஸ் சத்தத்தைப் போட்டேன். அண்ணன் போதாதென்று தலையசைத்தான். ஏற்றினேன். மறுபடியும் போதாதென்றான். ஏற்றினேன்.

“கொறைடா! மண்டை வெடிக்குதுடா!” காதைப் பொத்திக்கொண்டு எழப்பார்த்த முதலாளி மறுபடி சோபாவிலேயே விழுந்தார்.

அண்ணனின் கை முழங்கை வரை அதிர்ந்தது. அப்போதுதான் தலையாட்டினான்.

“பட்டறையில இவ்வளவுதான் இருக்கும்” என்றான், தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறதென்று தெரியாமல். “ஒரு ஷிப்டு ஓடட்டும்.”

நாங்கள் இருவர் மட்டும் வெளியே வந்ததும் அண்ணன் கதவைச் சாத்திப் பூட்டினான்.