கடைசிப் பெட்டி

"இன்னும் நாலே நிமிஷம்! கப்பல் நமக்காக நிக்காது, அக்கா!" வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளர் அலறுகிறார். உயரத்தில், வெயில் சுடும் கண்ணாடிக் கூண்டுக்குள், கிரேன்காரி நெம்புகோலை இழுக்கிறாள். கடைசி கன்டெய்னர் அசையவில்லை. இது ஏறாவிட்டால் ஆர்டர் போய்விடும். கரையில் கைபிசைந்து நிற்கும் செருப்புக் கம்பெனிப் பெண்களுக்கு வேலையும் போய்விடும். "என்னக்கா, தூங்கிட்டீங்களா?" "கத்தாதீங்கண்ணே! பழக்கதோஷத்துல லேசா இழுத்துட்டேன்." இம்முறை அழுத்தி இழுக்கிறாள். இரும்பு வடம் விண்ணென்று முறுக்கேற, பெட்டி எழும்பி, தண்ணீருக்கு மேல் நிதானமாக நகர்ந்து, கப்பலில் பூப்போல அமர்கிறது. கரை முழுக்கக் கைதட்டல். இந்தச் சின்ன மாகாணத்துத் துறைமுகத்திலிருந்து பதினோரு வருடமாக அவள் கப்பலேற்றியதெல்லாம், வெளியூர்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் காலிப் பெட்டிகள். சரக்கோடு போகும் முதல் பெட்டி இது.