அடுத்த வசனம்

“ஓதறப்போ மறுபடியும் அதே இடத்துல நின்னுட்டீங்களே,” என்றாள் மனைவி. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

டயர் கடைக்காரர் மகனின் அறைக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்வை மூடிய கதவின் மேல் இருந்தது.

“குர்ஆன்லயே சின்ன சூரா. பச்சைப் புள்ள கூட ஓதும். ரெண்டு வசனம் ஓதிட்டு மூணாவதுல நிக்கிறீங்க. ஒரு வாரமா இதே கதை.”

“நிக்கிறேன். அதுக்கென்ன இப்போ?”

“அதுக்கென்னவா? எவன் வண்டியில எந்த டயர் மாட்டினீங்கன்னு கேட்டா தூக்கத்துல கூடச் சொல்றீங்க. அல்லாஹ்வோட வசனம் மட்டும் மறந்து போச்சா? இந்தாங்க, போன்ல முழு குர்ஆனும் இருக்கு. பார்த்து ஓதுங்க.”

“போனை என் பக்கம் நீட்டாதே. புள்ளையை முழுங்கினது போதாதா?”

மனைவி போனை இழுத்துக்கொண்டாள். அவர் சொன்னதில் பொய் இல்லை.

மகன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். சம்பளம் நல்ல சம்பளம்தான், தூக்கம்தான் கிடையாது. சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். தொழுகைக்கு நின்றால் சட்டைப் பையில் கிடந்து துடிக்கும். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான், போனை அணைத்தான், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அன்றோடு பேச்சும் நின்றது. தட்டை வைத்தால் சாப்பிடுவான், குளிப்பான். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

கம்பெனிக்காரன் ஒரு பூங்கொத்து அனுப்பினான். கூடவே லேப்டாப் எப்போது திரும்ப வரும் என்றும் கேட்டான். அவர்கள் அக்கறை அவ்வளவுதான்.

மாத்திரை கொடுத்த டாக்டர், “வற்புறுத்தாதீங்க, தானா வாயைத் திறக்கணும்” என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சையும் டயர் கடைக்காரர் பாதிதான் நம்பினார்.

“அவன் என்னை ‘உம்மா’ன்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு. பக்கத்து வீட்டுப் புள்ள கூப்பிட்டாக் கூட நான் திரும்பிப் பார்க்கிறேன்,” என்றாள் மனைவி. “இப்ப நீங்களும் ஒண்ணொண்ணா மறந்துட்டு வர்றீங்க. அப்புறம் நான் யார்கூடப் பேசறது, இந்தச் சுவர்கூடவா?”

“சுவர் நல்லது. எதிர்த்துப் பேசாது.”

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவரும் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓத ஆரம்பித்தார்.

முறையாக ஓதப் படித்தவர் குரல் இல்லை அது. கடையில் காற்றடிக்கும் இயந்திரத்துக்கு மேலே கத்திக் கத்திக் கரகரத்த குரல். ஆனாலும் ஓதும்போது மட்டும் இளகிவிடும். முற்பகல் மீது ஆணையிடும் வசனம் முடிந்தது. இரவின் மீது ஆணையிடும் வசனமும் முடிந்தது.

நின்றுவிட்டார்.

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பொறுக்க முடியாமல், தானே எடுத்துக் கொடுக்கலாம் என்று மனைவி வாயைத் திறந்தாள்.

அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் அடுத்த வசனத்தை ஓதியது.

பூட்டிக் கிடந்து துருப்பிடித்த குரல். இறைவன் உன்னைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை என்று ஆறுதல் சொல்லும் வசனம் அது. ஓதிவிட்டு அந்தக் குரல் மூச்சு வாங்கியது. பிறகு அதையே இன்னொரு தடவை, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் ஓதியது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. வளர்ந்த தாடியும் கலைந்த தலையுமாக மகன் வெளியே வந்தான். நாற்காலியின் முன்னால் தரையில் குந்தி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் பயம்.

“வாப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு? பஞ்சர் ஒட்டிக்கிட்டே எனக்கு இந்த சூராவைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. இதைப் போயா மறப்பீங்க?”

அவர் மகன் தலையில் கை வைத்தார்.

“மறந்துட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனாடா? நிறுத்தினேன். அந்த வசனத்தை நான் சொன்னா உன் காதுல ஏறாது. உன் வாயால வரட்டும்னுதான் நிறுத்தினேன்.”