பிளே-ஆஃப் பாவம்

"ஞாயித்துக்கிழமை நம்ம டீம் தோத்துடும், எழுதி வச்சுக்கோங்க," என்று கிசுகிசுத்தான் காசிமிர்.

"வாயைக் கழுவு! பஃபலோ ஊர்ல பொறந்தவன் பேசுற பேச்சா இது?" என்று எகிறினார் ரேமண்ட்.

"ஏரிக்காத்து அடிக்கிற அடியில நம்மாளு பந்தை உதைச்சா கம்பத்துக்கு நடுவுல போகாது. கார் நிறுத்துற இடத்துக்குத்தான் போகும்."

"அந்தக் காத்து எதிராளி பந்தை மட்டும் விட்டுவைக்குமா? பிளே-ஆஃப்னா நம்ம பசங்க வேற மாதிரி!"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷம் ரெஃப்ரி கண்ணை மூடிக்கிட்டான்!"

ரேமண்ட் போட்ட சத்தத்தில் வெளியே யாரோ இருமினார்கள். காசிமிர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். பெஞ்சில் பதினோரு பேர் செபமாலையோடு காத்திருந்தார்கள். முதல் ஆளாக அவன் மனைவி வாண்டா. 'இத்தனை பாவமா?' என்பதுபோல முறைத்தாள்.

"ஃபாதர், சீக்கிரம் பாவமன்னிப்பு குடுங்க. வெளிய போனா என் கதை கந்தல்."

"நீ இன்னும் ஒரு பாவமும் சொல்லலியேப்பா?"

"நம்ம டீம் தோத்துடும்னு சொன்னேனே, போதாதா?"

பாவமன்னிப்புக் கூண்டின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் ரேமண்ட் சிரித்தார்.

"அது மகா பாவம். ஆட்டம் முடிஞ்சதும் வா. ஜெயிச்சிருந்தா மன்னிக்கிறேன்."