தனிக்காய்

பகடையில் நாலு விழுந்தது.

ஷஹாதாவுக்கு வேண்டியதும் அந்த நாலுதான். பலகையில் பஹ்ஜத்தின் காய் ஒன்று துணையில்லாமல் தனியாக நின்றது. அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது அசைய முடியாது. ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

ஷஹாதா வேறொரு காயை நகர்த்தினார்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று பஹ்ஜத் நினைத்தார். ஆனால் முப்பது வருஷமாக இதே காபிக்கடையில், அஸர் தொழுகை முடிந்த கையோடு அவரை ஓட ஓட விரட்டித் தோற்கடித்துவரும் ஆள் ஷஹாதா. கவனக்குறைவு அவரிடம் மருந்துக்கும் கிடையாது.

வாயும் சும்மா இருக்காது. "உனக்கு எதுக்குய்யா இந்த ஆட்டம்? போய் மொட்டை மாடியில புறாவுக்குத் தீனி போடு" என்பார். கடையே சிரிக்கும்.

இன்று அந்த வாய் தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தது.

மதியம்தான் ஷஹாதா கெய்ரோவிலிருந்து திரும்பியிருந்தார். பஹ்ஜத்தின் வயிற்றிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவை வாங்க, பஹ்ஜத்தின் மகள் நஜ்லாவுக்குத் துணையாகப் போனவர்.

"வெறும் புண்ணுதாம்ப்பா. மாத்திரையிலயே ஆறிடும்" என்று நஜ்லா சொன்னாள்.

பஹ்ஜத் நம்பினார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த வியாதியின் பேரை இந்த ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். சொன்னதுமே இறைவனிடம் பாதுகாப்பும் தேடிக்கொள்வார்கள். ஷஹாதாவின் மனைவி 'அது' வந்து இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தாள். கடைசிவரை அவளிடம் நெஞ்சுச்சளி என்றே சொல்லி வந்தார்கள். அதிகம் சொன்னவர் ஷஹாதாதான்.

பஹ்ஜத் வேண்டுமென்றே இன்னொரு காயைத் தனியாக விட்டார். கண் தெரியாதவன்கூட ஏறி உட்காரும் இடத்தில் விட்டார்.

உட்காருடா, உட்காருடா என்று மனசுக்குள் கெஞ்சினார்.

ஷஹாதா உருட்டினார். சரியான எண்தான் விழுந்தது. வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் காயைத் தாண்டிப் போனார்.

"இன்னைக்கு நல்லா ஆடுற, பஹ்ஜத்" என்றார்.

பஹ்ஜத் பகடையைக் கையில் எடுத்தார், உருட்டவில்லை.

கேட்டுவிடலாம். கேட்டால் அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்து பொய் சொல்வார். அந்தப் பாவம் அவருக்கு எதற்கு?

பஹ்ஜத் கேட்காமலே ஆடினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்தார். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்து தட்டியதும் நஜ்லா கதவைத் திறந்தாள். அப்போதுதான் முகம் கழுவியிருந்தாள். இமைகள் தடித்திருந்தன.

"யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன்தான். இன்னைக்கும் என்னைத் துவைச்சு எடுத்துட்டான்."

நஜ்லாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.