கல் பாவாத கரை

ஏரிக்காக உயிரையும் கொடுப்போம் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் திருவேங்கடம் ஒலிபெருக்கியில் முழங்கினார்.

செருப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

முந்தின நாள் நல்ல மழை.

எல்லோரும் கைகோத்து நின்றார்கள். ஏரிக்கரைப் பூங்காவில் போட்டு முடித்திருந்த சிமென்ட் கல் நடைபாதையின் மேல். இசை நீரூற்றைத் தாண்டி, செல்ஃபி மேடையைத் தாண்டி, தின்பண்டக் கடைகளைத் தாண்டி வந்த மனிதச் சங்கிலி, பாதை முடிந்த இடத்தில் தானும் முடிந்துகொண்டது.

அதற்கு அப்பால் மண் கரை.

ஏரியைச் சுற்றிக் கல் பாவாமல் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நீரில் நீந்தும் நாமக்கோழிகள் குஞ்சுகளோடு ஏறி வருகிற இடம். நாளை அங்கேயும் கல் பாவுகிறார்கள்.

சங்கச் செயலாளரான அவள் மட்டும் அதில் நின்றாள். கணுக்கால்வரை சேறு. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றதை நடைபாதையை நோக்கி நீட்டியிருந்தாள்.

மூன்று வருடமாக மனு கொடுக்கிறாள். நீட்டிப் பழகிய கை.

"வாங்க சார். இந்த எடத்தக் காப்பாத்தத்தான வந்திருக்கோம்."

"மனசால நான் அங்கதாம்மா நிக்கிறேன்," என்றார் தலைவர். வெள்ளை ஷூ போட்டிருந்தார்.

பத்திரிகைக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.

"நடுவுல ஓட்டையா இருக்கே மேடம். சங்கிலின்னு எப்படிப் போடறது?"

கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்த சைட் இன்ஜினியர் இளம்பரிதி எழுந்து வந்தான். கல் பாவும் வேலை அவன் பொறுப்பில்.

"ஆளு கொறையுதா மேடம்? நம்ம ஆளுங்க சும்மாதான் குந்தினு இருக்காங்க, கூப்டுக்குங்க. போட்டோ முடிஞ்சதும் அனுப்பிடுங்க."

கல் பாவ வந்தவர்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கினார்கள். ஒருவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சொரசொரப்பான, சூடான கை.

சங்கிலி சேர்ந்தது.

"ஏரியைக் காப்போம்!"

அவர்கள்தான் உரக்கத் திருப்பிச் சொன்னார்கள்.

"யார்கிட்டருந்துக்கா காப்பாத்தணும்?" என்று கையைப் பிடித்திருந்தவன் கேட்டான்.

அவள் கேமராவைப் பார்த்தாள்.

படம் எடுத்தாயிற்று. 'கடைகள் வேண்டாம்' என்று எழுதிய அட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டம் கடைகளின் பக்கம் நகர்ந்தது. வடை வாசனை வந்தது.

அவள் காலை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். வழுக்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கூப்பிடலாம். யாரை என்று தெரியவில்லை.

"அசையாதீங்க மேடம், வுழுந்துடப் போறீங்க," என்றான் இளம்பரிதி. ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தான்.

அவர்கள் அடுக்கிலிருந்து கற்களைக் கொண்டுவந்து, அவள் காலடியிலிருந்து நடைபாதைவரை வைத்தார்கள். ஒவ்வொன்றையும் மிதித்து, ஆடுகிறதா என்று பார்த்தார்கள். ஆடியதைத் தட்டி அமர்த்தினார்கள்.

நல்ல வேலைக்காரர்கள்.

அவள் மெதுவாக நடந்து வந்தாள். ஒரு கல்கூட அசையவில்லை.

"ரொம்ப நன்றி தம்பி," என்றாள்.

மண் கரையில் பாவிய முதல் கற்கள் அவைதான்.