வீட்டில் இரண்டு பேர்

“அந்த வீட்ல அம்மா கிடையாதுக்கா. அப்பாவும் பொண்ணும் மட்டும்தான்.”

கூடப் படிக்கும் மனோஜ் சொன்னதைக் கேட்டு சுஷ்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஊரே பிரியாணி தின்றுவிட்டுக் குப்புறப் படுத்திருக்க, இவர்கள் இரண்டு பேரும் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது.

அவள் படிப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே நடத்துகிற எம்.எஸ்சி. புள்ளியியல். பகலெல்லாம் பாலாநகர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை, மாலையில் நேரே இங்கே வகுப்பு, ஞாயிறும் போச்சு. இந்தப் பட்டம் கைக்கு வந்தால் ஷிப்ட் இல்லாத நாற்காலி கிடைக்கும், சாயங்காலம் மகளோடு இருக்கலாம். அந்த ஒரே ஆசைக்குத்தான் இந்த நாய்படாத பாடு.

கடைசி செமஸ்டருக்கு ஒரு சர்வே. அவள் குடியிருக்கிற மாரெட்பள்ளிப் பேட்டையின் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகளை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட வீடுகளுக்கெல்லாம் மனோஜ் காலையில் ஏறி இறங்கினான், சுஷ்மா மேற்பார்வை. யார் வீடு, எந்தத் தெரு, என்ன நம்பர் என்பதெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான்.

படிவத்தில் ‘அம்மா’ என்ற இடம் காலியாக இருந்தால் புரொபசர் நாராயணஸ்வாமி விடமாட்டார். இன்று மாலைக்குள் சரி செய்யாவிட்டால் இன்னொரு செமஸ்டர் படி என்பார். இன்னும் ஆறு மாசம் மகளைத் தூங்குகிற முகமாகவே பார்ப்பதா? நினைத்தாலே சுஷ்மாவுக்கு அழுகை வந்தது.

“இல்லைன்னா எப்படி இல்ல? செத்துட்டாங்களா?”

“கேக்க வாய் வரலக்கா. ஆனா சுவத்துல மாலை போட்ட போட்டோ எதுவும் காணோம். விட்டுட்டுப் போயிட்டாங்க போல.”

“கேள்வியை ஒழுங்கா கேட்டியா?”

“ஹவ், கேட்டேன் அக்கா! நீங்க எழுதிக் குடுத்ததுல ஒரு எழுத்து மாத்தல. ‘வாரத்துல முக்காவாசி நாள் இந்த வீட்டு அடுப்புல சமைச்சதைச் சாப்பிடறவங்க யார் யாரு?’ அந்தப் பொண்ணு நல்லா யோசிச்சுட்டு, ‘நானும் டாடியும்’னா.”

“அப்பாவைக் கேக்கறதுதானே?”

“கையில கரண்டியோட வந்தார். என் ஐடி கார்டைக்கூடப் பாக்கல. ‘குழம்பு தீயுது, அவளையே கேளுங்க’ன்னு உள்ள ஓடிட்டார்.”

சுஷ்மா உப்புமாப் பொட்டலத்தைப் பிரித்தாள். வாரம் பூரா தொழிற்சாலை காண்டீன், ஞாயிறானால் கல்லூரி காண்டீன். நாக்கு செத்தே போயிருந்தது.

“தலை யாரு பின்றா?”

“தானே பின்னிக்கறாளாம். ஒரு ஜடை மேல, ஒண்ணு கீழ.”

“ஸ்கூல் டைரில கையெழுத்து?”

“டாடி.”

“காய்ச்சல் வந்தா?”

“அதுக்கும் டாடிதான். அவர் இல்லைன்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டியாம்.”

உப்புமாவைத் தள்ளி வைத்தாள். சுஷ்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

“பெத்த பொண்ணை இப்படி அநாதையா விட்டுட்டுப் போக எப்படிடா மனசு வரும்? அவளெல்லாம் ஒரு பொம்பளையா?”

“பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ.”

“என்ன பெரிய கஷ்டம்? நான் படாத கஷ்டமா? நானும்தான் லோலோன்னு அலையறேன், என் பொண்ணை விட்டுட்டேனா?”

மனோஜ் அடுத்த படிவத்தைப் புரட்டினான். களைத்துப் போயிருக்கிறவளிடம் வாதாட அவனுக்கென்ன பைத்தியமா!

கோபப்பட்டால் வேலை நடக்குமா? சந்தேகமான வீட்டுக்கு மேற்பார்வையாளரே போன் போட்டு ஒருமுறை கேட்டாக வேண்டும். நம்பர் கண்ணில் படாது, திரையில் பட்டனைத் தட்டினால் கல்லூரி லைனிலிருந்து அதுவே போகும்.

“என்னக்கா கேக்கப் போறீங்க?”

“அம்மா எங்கேன்னு நேராவே கேட்டுடறேன். செத்துட்டாங்கன்னா படிவத்துல ஒரு நம்பர் போடணும், பிரிஞ்சு போயிட்டாங்கன்னா வேற நம்பர். குழந்தை மனசு நோகாம கேக்கணும், அதான் பயமா இருக்கு.”

தட்டினாள். டிவி இரைச்சலுக்கு நடுவே யாரோ எடுத்து “ஹலோ” என்றது ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. சின்னக் குரல்தான்.

சுஷ்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். இருக்கிற அலுப்பையெல்லாம் விழுங்கிவிட்டு, முடிந்தவரை இதமாகப் பேசினாள்.

“வணக்கம் கண்ணா. காலைல ஒரு அண்ணா சர்வேக்கு வந்தாரில்ல, அந்தக் காலேஜ்லேருந்து பேசறோம். ஒரே ஒரு கேள்விதான், பயப்படாம சொல்லணும். உங்கம்மா இப்ப எங்கம்மா இருக்காங்க?”

அந்தப் பக்கம் டிவியை யாரோ அணைத்தார்கள். மனோஜ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“நீ எங்க இருக்கேன்னு என்கிட்டயே கேக்கறியே, மம்மி?”